கடல் வாங்காத தண்ணி

ஜன்னல் ஓரம் நீங்களே ஒக்காந்துக்குங்க டீச்சர். எனக்கு ஆத்தப் பாக்க வேண்டாம், பாத்த வரைக்கும் போதும். டீச்சர்தானே நீங்க? பையப் பாத்தா அப்படித் தெரியுது. இல்லையா? சரி, எதுவா இருந்தா என்ன, டீச்சர்னே கூப்புட்டுக்கறேன். பேசிக்கிட்டே வந்தா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டீங்களே? ராத்திரி பூரா தூக்கமில்ல. வாய மூடிக்கிட்டு ஒக்காந்தா கொமட்டிக்கிட்டு வருது.

இதான் ஆறு. போர்டுல கீழவளவனாறுன்னு எழுதியிருப்பாங்க. நாங்க நொண்டியாறும்போம். நாலு அடி நேராப் போவாது. இழுத்து இழுத்து, வளைஞ்சு வளைஞ்சுதான் போவும். மேக்க பெரிய ஆத்துலேருந்து ஒரு சட்ரஸ்ல, அதான் மதகு, அதுல பிரியுது, கெழக்க போயி கடல்ல விழுது. காலையில சைக்கிள எடுத்தா பொழுது சாயறதுக்குள்ள தலையும் பாத்துட்டு வாலும் பாத்துட்டு வந்துடலாம். இத்துனூண்டு ஆறு. தண்ணி எவ்வளவு நிக்குது பாருங்க. ரோட்டுக்கு ஒரு மொழம்தான் பாக்கி.

ஆடி ஆவணியில இதுதான் வயலுக்குத் தண்ணி கொண்டாந்து குடுக்கும். ஐப்பசி கார்த்திகையில இதுவேதான் வயல்ல நிக்கிற தண்ணிய வாங்கிக் கொண்டுபோயி கடல்ல விடணும். ஆனா கடல் வாங்கணுமில்ல. புயல் சின்னம்னு ஒண்ணு நின்னுச்சுன்னா கடல் ஏறி நிக்கும், ஆத்துத் தண்ணிய வாங்காது. மொகத்துவாரத்துல மணல் திட்டு வேற. வாங்காத தண்ணி என்ன பண்ணும்? திரும்பி நிக்கும். மேக்கேருந்து வர்றது வந்துக்கிட்டே இருக்கும். அப்ப ரெண்டு கரையில ஏதோ ஒண்ணு போயாவணும். ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணு பொழைச்சுக்கும். இதுல யாரு மேலயும் தப்பு சொல்ல முடியாது டீச்சர். ஆத்தோட அமைப்பு அப்படி.

வடகரையில எங்க ஊரு, வடபாதி. எதிர்க்க தென்கரையில தென்பாதி. எங்க ஊருக்கு நேரா வந்ததும் ஆறு ஒரு முடக்கு முடங்கும். தண்ணி வந்து எங்க கரையிலதான் மோதும். எங்க பக்கம் அரிக்கும், அவங்க பக்கம் மணல் ஒதுங்கும். வருசா வருசம் எங்க கரை தேயுது, அவங்க கரை வளருது. வண்டல் ஏறி ஏறி ஆத்துத் தரையே எங்க வயல விட ஒசந்து போச்சு. எங்க வீட்டு வாசல்ல நின்னு பாத்தா ஆறு தலைக்கு மேல ஓடும். அந்த மாதிரி எடத்துல குடித்தனம் பண்ணினாத்தான் தெரியும், நாங்க என்ன பண்ணினோம், எதுக்குப் பண்ணினோம்னு.

எங்க வீட்டுக்காரரு பேரு கலியபெருமாள். பாசன சங்கத்துக்குத் தலைவரா இருந்தாரு. ஊருல எதுன்னாலும் எங்க கூடத்துலதான் கூடுவாங்க. ஒரே மவ. தையல்நாயகி. வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வேண்டிக்கிட்டுப் பொறந்தவ. தூரக் கட்டிக் குடுக்க மனசில்லாம ஆத்துக்கு அந்தாண்ட தென்பாதியிலேயே குடுத்தோம். மாப்புள பேரு செழியன். நல்ல புள்ள. எங்க கரையில நின்னு கூப்புட்டா அவ கொல்லையில கேக்கும். பாலத்த சுத்திக்கிட்டு வந்தா ஒரு மைலு. கோடையில சுத்தவே மாட்டா, சீலையத் தூக்கிச் செருவிக்கிட்டு ஆத்துக்குள்ளயே நடந்து வந்துடுவா. பாப்பா பொறந்தப்பறம் இடுப்புல பாப்பாவோட வருவா.

அப்படி வந்துக்கிட்டிருந்தவ. சொல்றேன் கேளுங்க, நீங்களே ஞாயம் சொல்லுங்க.

நாலு வருசம் ஆச்சு, அதுவும் கார்த்திகைதான். புயல் கடல்லயே நின்னுக்கிட்டு, கரைக்கும் வரல, போவவும் இல்ல. விடாம மழை. கடல் வாங்கல. எங்க கரையில சாக்குல மண்ணு ரொப்பி அடுக்கி, சவுக்குக் கட்டை அடிச்சு, கீத்து வெச்சு, ஊரே கரையில கெடந்துச்சு. மழை காலத்துல ரெண்டு கரையிலயும் காவல் போடுவாங்க டீச்சர். தண்ணிக்குக் காவல் இல்ல, ஆளுக்குக் காவல். அவங்க வந்து எங்க கரைய வெட்டிடாம நாங்க பாத்துக்குவோம், நாங்க போயி வெட்டிடாம அவங்க பாத்துக்குவாங்க. இது காலங்காலமா உள்ளது.

அன்னிக்கு மத்தியானம் எங்க கூடத்துல ஏழெட்டு ஆம்பளைங்க. நான் டீ போட்டுக் குடுத்துக்கிட்டிருந்தேன். ஒட்டுக் கேக்கல. நம்ம வீடு, நம்ம அடுப்படி, காதுல விழத்தானே செய்யும்? இனிமே முடக்கு தாங்காதுன்னு பேசினாங்க. சாயங்காலம் தென்கரை ஆளுங்க சாப்புடப் போற நேரம், மாடு எறங்குற தொறைகிட்ட அவங்க கரை மெலிசா இருக்குது, நாலு மம்புட்டி இருந்தா போதும்னு பேசினாங்க. சரி சரின்னு எங்க வீட்டுக்காரரும் சொன்னாரு. அந்தத் தொறைக்கு நேரா உள்ளது யாரு தெரு? தையலு தெரு. அவரு அத யோசிச்சாரோ இல்லையோ எனக்குத் தெரியாது. நான் பெத்தவ, நான் யோசிச்சேன்.

கொல்லைக்குப் போயி போனப் போட்டேன். "தையலு, அப்பா நெஞ்சு வலிக்குதுங்கறாரு. பாப்பாவத் தூக்கிக்கிட்டு ஒடனே வா"ன்னேன்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போங்கம்மா. நானும் அவரும் நேரா அங்க வந்துடுறோம்."

"ஆஸ்பத்திரில்லாம் வேண்டாமாம், ஒன்னயப் பாக்கணுங்கறாரு. நீ மட்டும் வா. மாப்புள எதுக்கு மழையில?"

"அத்தைக்கு முட்டி வலி, எந்திரிக்கவே முடியல. சாயங்காலம் மாட்டப் புடிச்சுக் கட்டணும்."

"அதான் மாப்புள இருக்காருல்ல."

மாப்புள அவளப் பாலம் வரைக்கும் வண்டியில கொண்டாந்து விட்டுட்டு, மாமாவ வந்து பாக்கட்டுமான்னு கேட்டாராம். அம்மா வேண்டாம்னாங்கன்னு இவளே திருப்பி அனுப்பிட்டா. நல்லா கவனிங்க டீச்சர். திருப்பி அனுப்பினது அவ. நான் இல்ல.

அவ வாசப்படி ஏறுறா, இவரு யூரியா சாக்கத் தலையில கவுத்துக்கிட்டு தோள்ல மம்புட்டியோட எறங்குறாரு. "அப்பா, வலி எப்படிப்பா இருக்கு?"ன்னா. இவரு நின்னு அவளப் பாத்தாரு, இடுப்புல இருந்த பாப்பாவப் பாத்தாரு, அப்பறம் என்னையப் பாத்தாரு. எறங்கிப் போயிட்டாரு.

பாப்பாவுக்குத் தலையத் தொவட்டிக்கிட்டே கேட்டா. "அம்மா, அப்பா எங்க போறாரு?"

"கரைக்கு மண்ணு போட."

"நெஞ்சு வலியோடயா?"

அவ தொவட்டிக்கிட்டிருந்த கை நின்னு போச்சு. என் மூஞ்சியையே பாத்தா. அப்பறம் போன எடுத்தா, மாப்புளைக்குப் போட்டா, டவர் இல்ல. திரும்பத் திரும்பப் போட்டா. பாப்பாவத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு ஓடினா. நான் நெலப்படியில குறுக்க படுத்துக்கிட்டேன். ஆமா டீச்சர், படுத்துக்கிட்டேன். என்னைய மிதிச்சுக்கிட்டுப் போடின்னேன். பெத்தவள மிதிச்சுக்கிட்டு எவ போவா? அவ போவல. செவுத்துல சாஞ்சு அப்படியே ஒக்காந்துட்டா. இருட்டுற நேரத்துல எங்க முடக்குல தண்ணி மட்டம் சரசரன்னு எறங்குச்சு. ஊரே சத்தம் போட்டுச்சு. சந்தோசத்துல இல்ல, அப்படிச் சொல்லக் கூடாது. நிம்மதியில.

அன்னிக்கு நான் அவள விட்டிருந்தா, அவளும் போயிருப்பா, புள்ளையும் போயிருக்கும். இது தப்பா? எங்க வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. எந்தத் தாயும் இதத்தான் செய்வா.

அவ மாமியா குஞ்சம்மா செத்துப் போனாங்க. மாட்ட அவுக்கப் போயிருக்காங்க, கொட்டாய்ச் செவுரு மேல விழுந்துடுச்சு. மாப்புள வேற எதுவோ தூக்கி வெச்சுக்கிட்டிருந்திருக்காரு. நல்ல பொம்பள குஞ்சம்மா. சம்பந்தின்னா அப்படி ஒரு சம்பந்தி அமையாது. வாய்க்காலுக்கு அந்தாண்ட காலனியில இன்னும் ரெண்டு பேரு போயிட்டாங்கன்னாங்க.

விடிஞ்சதும் தையலு கெளம்பிட்டா. எழவு வீட்டுல கேக்கத்தானே செய்வாங்க, நீ எங்கடி இருந்தேன்னு. வாயில எதையாவது போட்டு மூடியிருக்கலாம். அப்பாவுக்கு முடியலன்னு போனேன்னு சொல்லியிருக்கலாம், பொய் கூட இல்ல, அப்படித்தானே நானும் சொன்னேன். இவ என்ன சொன்னா தெரியுமா? குஞ்சம்மாவக் கெடத்தியிருக்கு, தென்பாதி ஆம்பள பொம்பள அத்தன பேரும் நிக்கிறாங்க, "வெட்டப் போறாங்கன்னு எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. என்னைய மட்டும் கூப்புட்டுக்கிட்டாங்க"ன்னு சொல்லியிருக்கா. பெத்தவளப் பத்தி. ஊருக்கு நடுவுல.

அதிகாரிங்க வந்து பாத்தாங்க. தண்ணி வேகத்துல தானா ஒடஞ்சதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அவங்களே அப்படிச் சொல்றப்ப இவளுக்கு என்ன?

பதினாறு முடிஞ்சதும் ஒரு நாள் எங்க வீட்டுக்கு வந்தா. உள்ள வரல. வாசல்லயே நின்னா. "அம்மா, காலனியில செத்தாங்களே ரெண்டு பேரு, அவங்க பேரு என்னன்னு தெரியுமா ஒனக்கு?"ன்னு கேட்டா. எனக்கு எப்படித் தெரியும்? "ஒண்ணு வீரம்மா. இன்னொண்ணு அவ பேரன், இனியன். பாப்பா கூட வெளையாடுற புள்ள"ன்னா. சரிடி, பாவம்தான், அதுக்கு நான் என்ன செய்யறதுன்னேன். "ஒரு போனு போட்டியே, அதுல இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமேம்மா"ன்னா. போயிட்டா. அப்பறம் வரவே இல்ல.

சித்திரை, வைகாசின்னா ரோட்டுல கீட்டுல பாத்தா பேசுவா. ஐப்பசி பொறந்துட்டா தென்கரைய விட்டு நகர மாட்டா. பாலத்துல கால் வெக்க மாட்டா. எங்க மூத்தாரு செத்தப்ப ஆள் அனுப்பினோம், தை பொறக்கட்டும், வந்து துக்கம் கேட்டுக்கறேன்னு சொல்லி அனுப்பிட்டா. மீன் விக்கிற லூர்தம்மா ரெண்டு ஊருக்கும் போவா, அவதான் எனக்கு வெவரம் சொன்னது. மழை காலத்துல பொழுது சாஞ்சா, காலனிப் பொம்பளைங்களும் அந்தத் தெருப் பொம்பளைங்களும் அவ வீட்டு வாசலுக்கு வந்து, "தையலு, இருக்கியா?"ன்னு கேப்பாளுங்களாம். இவ உள்ளேருந்து "இருக்கேன்"ங்கணுமாம். அப்பறம்தான் அவளுங்க வீட்டுக்குப் போயி ஒலை வெப்பாளுங்களாம். யாரும் சொல்லல, இவளா ஏற்படுத்திக்கிட்டதாம். எம் மவள எப்படி வெச்சிருக்காளுங்க பாருங்க. நான் பூப்போல வளத்த பொண்ணு. பணயம் வெச்ச மாதிரி.

போன வருசம் மறுபடியும் வந்துச்சு. அதே கார்த்திகை, அதே மாதிரி கடல் வாங்கல. அதே மாதிரி எங்க கூடத்துல கூடினாங்க. எங்க வீட்டுக்காரரு அந்தத் தடவ ஒண்ணும் பேசல, கேட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. நான் கொல்லைக்குப் போயி போனப் போட்டேன். எடுத்ததும் கேக்குறா, "இந்தத் தடவ யாருக்கும்மா வலி?"ன்னு.

"தையலு, வாடி. சொன்னாக் கேளு."

"எப்பம்மா?"

"என்ன எப்ப?"

"வெட்டறது எப்பன்னு கேட்டேன். சரி விடு. நான் தொறையில போயி ஒக்காந்துக்கறேன். அப்பாகிட்ட சொல்லிடு."

சொன்ன மாதிரியே போயி ஒக்காந்துட்டா. மாடு எறங்குற தொறையில, கரை மேல, பாப்பாவ மடியில வெச்சுக்கிட்டு, ஒரு கொடையப் புடிச்சுக்கிட்டு. அவளப் பாத்துட்டு அந்த ஊருப் பொம்பளைங்க நாலு பேரு வந்து பக்கத்துல ஒக்காந்தாளுங்க. அப்பறம் இன்னும் நாலு பேரு. எங்க கரையிலேருந்து ஒரு கல்ல விட்டெறிஞ்சா அவ மேல விழும், அவ்வளவுதான் தூரம். நடுவுல தண்ணி கலங்கிப் போயி, மரமும் மட்டையுமா ஓடுது.

எங்க ஆளுங்க இவரப் புடிச்சுக்கிட்டாங்க. ஒன் பொண்ண எந்திரிக்கச் சொல்லுன்னாங்க. கீழ தள்ளி வேற எடத்துல வெட்டிக்கலாம்னு சிங்காரவேலு சொன்னான். இப்ப அவன்தான் சங்கத்தலைவரு. இவரு, "எங்க வெட்டினாலும் தண்ணி பள்ளத்துக்குத்தான் போவும். பள்ளத்துல இருக்கறது அந்தத் தெருதான்"னாரு. மம்புட்டியக் கீழ போட்டாரு. எங்க கரை மேல, முடக்குல, அவளுக்கு நேரா ஒக்காந்துட்டாரு.

நானும் பக்கத்துல நின்னேன். ரொம்ப நேரம் அவளையே பாத்துக்கிட்டிருந்தாரு. அப்பறம் கையக் குவிச்சுக்கிட்டு சத்தமா, "தையலு, சாப்புட்டியாம்மா?"ன்னாரு. மூணு வருசமா அவகிட்ட ஒரு பேச்சு இல்ல. தண்ணி சத்தத்துல அவளுக்குக் கேட்டுச்சோ என்னமோ, பாப்பாதான் எந்திரிச்சு நின்னு, "சாப்புட்டோம் தாத்தா"ன்னுச்சு. இவரு தலைய ஆட்டிக்கிட்டாரு.

சாக்கு மூட்டைக்குக் கீழ தண்ணி கசிய ஆரம்பிச்சப்ப, நீ எறங்குன்னாரு. நான் எறங்கிட்டேன். கொஞ்ச நேரத்துல கரையில விரிசல் விட்டு, ஆளுங்க அலறிக்கிட்டு எறங்கி ஓடியாந்தாங்க. அண்ணே, எந்திரிங்க, எந்திரிங்கன்னு அத்தன பேரும் கத்தினாங்க. அவரு எந்திரிக்கல. எந்திரிக்க முடியல, அதான் நெசம். சக்கரை உள்ள ஒடம்பு, அவ்வளவு நேரம் சம்மணம் போட்டா கால் மரத்துத்தான் போயிருக்கும். நான் சொன்னா யாரும் ஏத்துக்க மாட்டேங்குறாங்க. ஆளுக்கு ஒண்ணு பேசுறாங்க. கால்தான் டீச்சர். அவரு ஒக்காந்த எடம் ஒக்காந்த மாதிரியே ஆத்துக்குள்ள போச்சு. அதுக்கப்பறம் தண்ணி எங்க ஊருக்குள்ள வந்துச்சு. வயல், தெரு, எங்க வீடு, எல்லாம். வேற உசுருச்சேதம் இல்ல.

கரையில இருந்து எந்திரிச்சுப் போடின்னு எத்தன தரம் கத்தியிருப்பேன். அவ போயிருந்தா இவரு ஏன் ஒக்காரப் போறாரு? அவ ஒக்காந்துதான் இவர ஒக்கார வெச்சா. அப்பன முழுங்கிட்டா. நான் இத அவ மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கேன்.

தண்ணி வடிஞ்சப்பறம் கெழக்க கோரைப் புல்லுல கெடச்சாரு. எங்க சுடுகாடு ஆத்தோரம்தான், முடக்குக்குக் கொஞ்சம் கீழ. பங்காளி மவன்தான் கொள்ளி வெச்சான். அவ அன்னிக்கும் பாலத்தத் தாண்டல. கார்த்திகை முடியலையாம். எதிர்க்கரையில தண்ணியில முழங்கால் வரைக்கும் எறங்கி நின்னா, புள்ளையக் கையில புடிச்சுக்கிட்டு. பொகை அவ பக்கம்தான் போச்சு. வாடி, வந்து அப்பன் மூஞ்சியப் பாருடின்னு கத்தினேன். அங்கேருந்தே கும்புட்டா.

மாப்புள வந்தாரு. அவரு மட்டும் தனியா, பாலத்து வழியா நடந்து. அவங்க அம்மா செத்தப்ப எங்க வீட்டுலேருந்து யாரும் போவல, போனா அடிப்பாங்கன்னு பயம். அவரு வந்தாரு. பாடைக்கு ஒரு தோள் குடுத்தாரு. வந்த வழியே போயிட்டாரு. நல்ல புள்ளன்னு நான் அப்பவே சொன்னேன்ல.

அப்பறம் நான் எங்க இருக்கறது? வீடு போச்சு. எங்க மூத்தாரு வீட்டுத் தாழ்வாரத்துல ஒரு ஓரமா ஒண்டிக்கிட்டு இருந்தேன். இந்த ஐப்பசியில மழை புடிச்சதும் சிங்காரவேலுவும் இன்னும் ரெண்டு பேரும் வந்தாங்க. மரியாதையாத்தான் பேசினான். "கோமளத்தக்கா, கலியபெருமாள் அண்ணன் இருந்த வரைக்கும் அது எங்களுக்கும் பொண்ணு மாதிரி. இப்ப அவரே இல்ல. இன்னொரு வருசம் எங்களால தாங்க முடியாதுக்கா. போயி அதையும் புள்ளையையும் கூட்டிக்கிட்டு வந்து பத்து நாள் வெச்சுக்குங்க. அது அங்க இருக்க வேண்டாம்." தொகுப்பு வீட்டுக்கு என் பேர எழுதிக் குடுக்கறோம்னும் சொன்னான். நான் அதுக்காகப் போவல. மவ, பேத்தி, பாக்கணும்னு இருக்காதா? அதுக்காகத்தான் போனேன்.

முந்தாநாள் போனேன். மாப்புள "வாங்க அத்தை"ன்னாரு. தையலு வெந்நி வெச்சுக் குடுத்தா, கத்திரிக்காய்க் கொழம்பு வெச்சு சோறு போட்டா. சாப்புட்டு முடிச்சப்பறம்தான் கேட்டா.

"யாரும்மா அனுப்பினா?"

"யாரு அனுப்பணும்? நானா வந்தேன். வா, வந்து பத்து நாள் என்கூட இரு."

"எங்க இருக்கறது? ஒனக்கே வீடு இல்ல."

அப்படிச் சொன்னவ, என் கையப் புடிச்சுக்கிட்டா டீச்சர். நாலு வருசத்துக்கப்பறம். "நீ இங்க இரும்மா. இந்த ஒரு மழை காலம் மட்டும் என்கூட இரு. அப்பறம் எங்க வேணும்னாலும் போ"ன்னா. சரின்னுட்டேன். நெஜமாவே இருக்கலாம்னுதான் நெனச்சேன்.

பொழுது சாஞ்சதும் அந்தப் பொம்பளைங்க வந்தாளுங்க. "தையலு, இருக்கியா?" இவ, "இருக்கேன், எங்கம்மாவும் வந்திருக்காங்க"ன்னா. அவளுங்க போயிட்டாளுங்க. மறுநாள், அதான் நேத்து, வந்து நின்னு, "தையலு, இருக்கியா? அம்மா இருக்காங்களா?"ன்னு கேட்டாளுங்க. பாத்துக்குங்க. என்னையும் சேத்துட்டாளுங்க. இவ என் மூஞ்சியப் பாக்குறா, நான் பதில் சொல்லணுமாம். நானும் "இருக்கேன்"னேன். ராத்திரி பூரா ஆறு காதுக்குள்ளயே ஓடுது. அவங்க எப்படித்தான் அங்க தூங்குறாங்களோ.

அதுக்கு முன்னாடியே சிங்காரவேலு போன் பண்ணியிருந்தான். இன்னொரு புயல் சின்னமாம், இன்னிக்கு ராத்திரிக்குள்ள மழை புடிச்சுக்குமாம், கடல் இப்பவே வாங்கலையாம். தையலு வருதான்னு கேட்டான். வரமாட்டேங்குதுப்பான்னேன். "அப்ப நீங்க மட்டுமாவது காலையில கெளம்பிடுங்கக்கா"ன்னான். அக்கறையாத்தான் சொன்னான். எங்க ஊரு ஆளுங்க மோசமானவங்க இல்ல டீச்சர். பொண்ணு உள்ள எடத்துல அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க.

காலையில பையத் தூக்கினேன். தையலு பாப்பாவுக்குத் தலை பின்னிக்கிட்டிருந்தா. டவுன்ல தம்பி மவன் வீட்டுல ஒரு விசேசம், போயிட்டு வந்துடுறேன்னேன். தலைய நிமித்தல அவ. பாப்பாதான் என்னையப் பாத்து, "அம்மாச்சி, நீங்க போனா இன்னிக்கு வெட்டிடுவாங்களா?"ன்னு கேக்குது. எட்டு வயசு. பெரியவங்க பேசற பேச்சா அது?

"சும்மா இருடி. அம்மாச்சிக்கு வேலை இருக்கு"ன்னு சொல்லிட்டு இவ ரிப்பனக் கட்டினா.

"புள்ளையயாவது என்கூட அனுப்புடி"ன்னேன்.

"இவள ஒன்கூட அனுப்பிட்டா, இந்தத் தெருவுல மத்த புள்ளைங்கள யார் கூடம்மா அனுப்பறது?"

கோவமா சொல்லல. வெல கேக்கற மாதிரி சாதாரணமா கேட்டா. அந்தப் பொண்ணு அப்படி ஆயிடுச்சு. கல்லு.

பஸ்ஸுக்கு நிக்கிறேன், காலனிக்காரி ஒருத்தி கொடத்தோட வந்தவ என் பையப் பாத்துட்டு நின்னா. "கெளம்பிட்டீங்களா?"ன்னா. ஆமான்னேன். கொடத்த அங்கேயே வெச்சுட்டு வந்த வழியே ஓட்டமும் நடையுமாப் போறா. இந்த பஸ்ஸுல ஏறி ஒக்காந்து பாக்குறேன், ஆட்டுங்கள அவுத்து ரோட்டுக்கு ஓட்டுறாளுங்க, ஒருத்தி கட்டில்ல கெழவன வெச்சுத் தூக்கிக்கிட்டு வர்றா புருசனோட, புள்ளைங்க தலையில மூட்டை. வெயில் அடிக்குது. ஒரு பொட்டு மழை இல்ல. இப்பவே எதுக்கு இந்த ஓட்டம்? தையலு வீட்டப் பாத்தேன். அவ அந்தக் கூட்டத்துல இல்ல. பாப்பாவக் கையில புடிச்சுக்கிட்டு, கொடைய எடுத்துக்கிட்டு தொறைப் பக்கம் போயிக்கிட்டிருந்தா. மாப்புள பின்னாடியே போனாரு.

நீங்க சொல்லுங்க டீச்சர், நான் என்ன தப்பு பண்ணினேன்? கூப்புட்டேன், வரல. புள்ளையக் கேட்டேன், குடுக்கல. இதுக்கு மேல பெத்தவ என்ன செய்வா?

இருங்க, போன் அடிக்குது. கண்ணாடி இல்ல, யாருன்னு பாத்து சொல்லுங்க. சிங்காரவேலா? குடுங்க.

ஆ, சொல்லுப்பா. பஸ்ஸுலதான் வந்துக்கிட்டிருக்கேன். ஆமா, பாலத்தத் தாண்டிட்டேன். இல்லப்பா. அது வரல. நான் மட்டும்தான்.